கால் அங்குலம்

படகுத்துறை விளக்கின் கீழே
இறால் வாளியோடு வந்தவள்
"வெர்லீன்" என்று மட்டும் சொன்னாள்.
சுக்கான் பக்கம் ஒட்டியிருந்த உரிமச் சீட்டுதான்
மிச்சப் பெயரைச் சொன்னது: கோவார்.

அந்தப் பெயரை ஒருமுறை நான் எழுதியிருக்கிறேன்.
இதே மட்டகோர்டா விரிகுடா,
புயல் போன எட்டாம் நாள்.
சுவரில் சேறு விட்டுப்போன கோட்டுக்கு
அளவுநாடா பிடித்தேன்.
நான்கடி இரண்டேகால் அங்குலம்.
காப்பீடு காற்றுக்கு, வெள்ளத்துக்கு இல்லை.
கூரை பறந்த பிறகு நீர் வந்ததா
நீர் வந்த பிறகு கூரை பறந்ததா
பார்த்தவர் யாருமில்லை.
கட்டத்துக்குள் 'நீர்' என்று நிரப்பிவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போனேன்.
அன்று கையெழுத்துப் போட்டது வேறு யாரோ.
இவள் முகத்தை நான் பார்த்ததில்லை,
இவள் என்னையும்.

விடிந்தது. இயந்திரத்தை அணைத்துக்
கழி ஊன்றித் தள்ளினாள்.
மடவைகள் காரணமில்லாமல் துள்ளின.
முழங்கால் ஆழத்தில் இறங்கச் சொன்னாள்.
"காலைத் தூக்காதீங்க. இழுத்து இழுத்து நடங்க.
நீங்க வர்றது திருக்கைக்குத் தெரியணும்."
பத்தொன்பது வருடம் வாசல் வாசலாகப் போனேன்,
அப்படி நடந்ததில்லை.

முதல் வீச்சு அவள் தொப்பியில் மாட்டியது.
கழற்றித் தந்தாள், ஒன்றும் சொல்லாமல்.
இரண்டாவது சிப்பித் திட்டில்.
அதற்குள் வற்றம் தொடங்கி
திட்டுகள் முதுகு காட்டிவிட்டன.
புல்லுக்கு நடுவே
ஒரு வால் மட்டும் வெளியே நின்று
விசிறிக்கொண்டிருந்தது.
"அங்கே. மூக்குக்கு ரெண்டடி முன்னால."
மூக்கு எந்தப் பக்கம் என்று கேட்குமுன்
தக்கை அமிழ்ந்தது.

ரீல் கத்தியது. நானும் கத்தினேன் போலிருக்கிறது.
அவள் வலையில் ஏந்தியபோது
செப்புக் குடத்தை விளக்கி வைத்த நிறம்.
வாலருகே கருப்பாய் ஒரு பொட்டு,
எது தலையென்று எதிரி ஏமாற.
செங்கத்தாழை. இருபது அங்குலம் இருந்தால் பெட்டிக்கு.
பலகையில் கிடத்தி, வாயை முட்டவைத்து
வாலின் இரு முனையையும்
விரலால் சேர்த்துக் கிள்ளிப் பிடித்தாள்.
குனிந்து பார்த்தாள். இன்னொரு முறை கிள்ளினாள்.
"பத்தொன்பதே முக்கால்."

"கால் அங்குலம்தானே" என்றேன்.
"வாலைச் சேர்த்துப் பிடிச்சா நீளம் கூடும்.
உங்க பக்கம் எவ்வளவு சாயலாமோ
அவ்வளவு சாஞ்சுதான் அளந்தேன்."
நீரோட்டத்துக்கு எதிராய் அதன் தலையை வைத்து
அது தானாய் உதைக்கும்வரை
கையை எடுக்கவில்லை.

அதன்பின் ஒரு நாக்குமீனும்
நிறைய நண்டுக் கடியும்தான் கிடைத்தன.

திரும்பும் வழியில் கேட்டாள், என்ன வேலை என்று.
அளவெடுக்கிற வேலை என்றேன்.
"துணிக்கா?"
இயந்திரச் சத்தத்தில் கேட்காதவன் போல
கூழைக்கடாக்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.
கால்வாய் முகப்பில் வேகத்தைக் குறைத்தாள்.
மரத்தூண்கள் மேல் பாதி கட்டிய வீடு,
கூரைக்கு இன்னும் நீலத் தார்ப்பாய்.
மோவாயால் காட்டினாள்.
"நம்ம வீடு. பழையது போயிடுச்சு."
கொஞ்சம் பொறுத்து,
"தண்ணியாம்" என்றாள்.
ஆம் என்கிற அந்த வால் எழுத்துகளை
விரலால் கிள்ளியதுபோல் நீட்டி.

துறையில் நாக்குமீனைச் சீவி
பனிக்கட்டியில் புதைத்துத் தந்தாள்.
வாடை போக
பாதி எலுமிச்சம்பழமும் தந்தாள்.
சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.
அதற்குள் அடுத்த ஆட்களின் வண்டி வந்து
விளக்கை அணைத்தது.
அவள் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தூண்டில்முள் எங்கோ என்னைக் கீறியிருக்கிறது.
தேய்த்த பிறகுதான் தெரிந்தது,
எந்த விரல் என்று.