குறிப்புக் கட்டம்

பிள்ளைகளை நிறுத்திவைத்துத்தான்
நிறுக்க முடியும்.
கச்சான் வீசும் மாதங்களில் அதுவும் லேசில் நடக்காது,
முள் ஆடிக்கொண்டே இருக்கும்.
வகுப்பறைக் கதவைச் சாத்தி, பெஞ்சை முட்டுக்கொடுத்து,
செருப்பைக் கழற்று, பையை இறக்கு,
டவுசர் பையில் கிடக்கும் சிப்பியையும் எடு என்பேன்.

தொண்டிக்குத் தெற்கே எனக்குப் பள்ளிக்கூடங்கள் இரண்டு.
கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று.
நடுவில் இருபத்துநாலு எட்டு.
எண்ணியிருக்கிறேன்,
மீன் வண்டிக்கும் உப்பு லாரிக்கும் இடையே
எந்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.

ஜெஃப்ரினும் ஆக்னலும் அக்கா தங்கை பிள்ளைகள்.
ஒரே வாரத்தில் பிறந்தவர்கள்.
இரண்டு பேருக்கும் முதல் ஊசி போட்டவள் நான்.
போன ஆடியில்
ஒருவன் இருபத்தெட்டுக் கிலோ, ஒருவன் நாற்பத்தொன்று.
இரண்டு வீட்டிலும் அதே சாளை, அதே புளி.
பானையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஜெஃப்ரினுக்கு வாசலே மணல்.
வள்ளம் கரையேறினால் கயிறு பிடிக்க ஓடுவான்,
ஏறாவிட்டால் ஏன் ஏறவில்லை என்று பார்க்க ஓடுவான்.
அதற்கு யாரும் உடற்பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை.

ஆக்னலின் வீடு மேற்கே. புது வீடு, இரும்புக் கேட்.
முன்னால் சாலை.
பின்னால் இறால் பண்ணையின் கம்பிவேலி,
வேலி முடிகிற இடத்தில் சீமைக்கருவேலம்.
முள் ஒடிந்து சீழ்பிடித்த அவன் குதிகாலைக்
கீறி எடுத்தது போன தை மாதம்.
அதிலிருந்து உள்ளேயே இருக்கிறான்.
உள்ளே இருக்கிற பிள்ளைக்குக்
கேட்காததும் கிடைக்கிறது,
ஐந்து ரூபாய் பாக்கெட், அம்மாவின் போன்.
"எங்கயும் போகாம பத்திரமா இருக்கான், சிஸ்டர்"
என்கிறாள் ஸ்டெல்லா மேரி.
அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
அவள் கொழுந்தனை அந்தச் சாலையில்தான்
பாயில் சுருட்டி எடுத்தார்கள்.

நம்புசெல்வி கதை வேறு.
ஊருக்குத் திடல் இருக்கிறது, வலை காயும் இடம்.
சாயங்காலம் அங்கே சீட்டு, பாட்டில்.
பன்னிரண்டு வயது திரும்பியதும்
திடல் இருந்த இடத்திலேயே இருந்தது,
அவளுக்கு மட்டும் இல்லாமல் போனது.

என் தாளில் இருபது கட்டங்கள்.
காலையில் என்ன சாப்பிட்டான், எண்ணெய் எவ்வளவு,
டிவி எத்தனை மணி, தாய் தகப்பன் எடை.
கேட்டுக்கு வெளியே என்ன என்று
ஒரு கட்டமும் கேட்கவில்லை.
லாரி என்று எழுத இடமில்லை.

ஐப்பசி மழையில் ஓடைப்பாலம் ஒரு பக்கம் உள்வாங்கியது.
வண்டிகளை ஆர்.எஸ். மங்கலம் வழியாகத் திருப்பிவிட்டார்கள்,
பதினொரு நாள்.
முதல் நாள் யாரும் நம்பவில்லை.
இரண்டாம் நாள் நடுக்கோட்டில் ஒரு நாய் படுத்தது.
மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஒரு பந்து.
மழை விட்ட மதியம் பெண்கள் வந்து
தார்மேல் கருவாடு பரப்பி, காக்கை விரட்ட உட்கார்ந்தார்கள்.
அம்மாக்கள் உட்கார்ந்த இடத்தில்
நம்புசெல்விக்கு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.
தம்பியின் சைக்கிளை எடுத்தாள்.
பாலம் வரை போனாள். திரும்பினாள். மறுபடி போனாள்.

ஆக்னல் கேட்டைத் தானே திறந்தான்.
என் இருபத்துநாலு எட்டைப் பதினெட்டில் கடந்து
ஜெஃப்ரின் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு ஓடினான்.
மூச்சு இரைத்தது. உட்கார்ந்தான். எழுந்தான்.
எடை எந்திரம் அன்று என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்.

பன்னிரண்டாம் நாள் முதல் ஹாரன்.
கருவாட்டைச் சாக்கோடு இழுத்துக்கொண்டு எழுந்தார்கள்.
கேட் சாத்தும் சத்தம்
கிழக்குப் பள்ளிக்கூடம் வரை கேட்டது எனக்கு.

அடுத்த மாதம் ஆக்னல் நாற்பத்தொன்றரை.
பதினொரு நாளையெல்லாம் எந்திரம் கணக்கில் எடுப்பதில்லை.
ஆனால் அவன் நிற்கவில்லை.
தட்டின்மேல் குதிகாலைத் தூக்கித் தூக்கி
முள்ளை ஆட்டிக்கொண்டே கேட்டான்,
"பாலம் மறுபடி எப்ப சிஸ்டர் ஒடையும்?"

கடைசிக் கட்டம் குறிப்பு. ஒரு விரல் அகலம்.
அவன் சொன்னதை அப்படியே எழுதத் தொடங்கினேன்.
பாலம் மறுபடி எப்ப
என்பதோடு கோடு வந்துவிட்டது.