வரிசை எண் நாற்பத்தொன்று

பொறுப்பு மாற்றும் நாள். சரக்கறைச் சாவி என் கையில்.
கஞ்சா மூட்டை, மணல் வண்டியின் அச்சு,
குழல் பிளந்த நாட்டுத் துப்பாக்கி இரண்டு.
அவற்றுக்கும் பின்னால், கோணி சுற்றி, இது.

அட்டையில் மை பழுத்திருந்தது:
வட ஆற்காடு மாவட்டம், ஆம்பூர் தாலுகா.
எழுபத்தேழு தேர்தலுக்காக ஒப்படைப்பு.
கே. ஜக்கரியா சாயபு, தோல் மண்டி.
தோட்டா: இல்லை.

மாவட்டம் அதற்குப் பின் மூன்று பெயர் மாற்றிக்கொண்டது.
கோணி மாறவில்லை.

வேலூர் ஆயுதப்படையிலிருந்து தணிகைவேல் வந்தார்.
குழலின் வாய்வரை ஓடும் வாதுமைக் கட்டை,
வெண்ணெய்க் கரண்டிபோல் தட்டையான கைப்பிடி.
மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டு
உள்ளே விரலால் தள்ளினார்:
பித்தளை ராட்டினம் ஒன்று
முனகிவிட்டுச் சுற்றியது.
"ஆஸ்திரியா சாமான் மேடம்.
ஆறரை மில்லி, ஐம்பத்து நாலு நீளம்.
இதுக்குத் தோட்டா வேலூர்லயும் இல்ல,
மெட்ராஸ்லயும் இல்ல."
இல்லாததைச் சொல்லும்போது
ஏனோ தடவிக்கொடுத்தார்.

மகனுக்கு போன் போட்டேன்.
"அத்தாவுக்குத் துப்பாக்கியா?
எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவாரு."
பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.
"ஷூ கன்டெய்னர் நாளைக்கு ஏறுது மேடம்.
அழிச்சிடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

திரும்பச் சுற்றும்போது அடிக்கட்டைக்குள்
ஏதோ உருண்டது.

தகட்டில் கட்டைவிரல் அளவு கதவு.
உள்ளே மூன்று துண்டாய்த் துடைப்புக் கம்பி,
பூப்போல் பதனிட்ட ஆட்டுத்தோலில் ஒரு பொட்டலம்.
பிரித்தால், இரண்டு.
சீவாத பென்சில்போல் நுனி மழுங்கி,
செம்பும் பித்தளையும் இன்னும் மினுங்க.

ஒரு மாதத்தில் திரும்ப வாங்கப்போகிற பொருள்.
யார்தான் அடிக்கட்டைவரை கணக்குச் சொல்வார்கள்?
அந்த ஒரு மாதத்துக்குள்
அவருக்கு என்ன ஆனது என்று
பதிவேட்டில் கட்டம் இல்லை.

தோட்டா இல்லை, சரிபார்த்தேன்.
தோட்டா இல்லை, சரிபார்த்தேன்.
இருபத்து மூன்று ரைட்டர்கள்.
கடைசி இரண்டு கையெழுத்து என்னுடையவை.

"என்னக்கா எழுதறது?" என்றாள் புதிதாய் வந்த புனிதவதி.
பழையபடியே எழுதலாம்.
அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

'இல்லை'யை அடித்தேன்.
மேலே 'இரண்டு' என்றேன்.
அடித்தலுக்குச் சுருக்கொப்பம் வேண்டும், இட்டேன்.

அவளோ அந்தச் சின்னக் கதவை
மூடினாள், திறந்தாள்,
காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.