பத்து இடம்

கண்ணை மூடிக்கங்க என்றேன்.
மூடினார் உத்திராபதி,
நீடாமங்கலம் மூணாறு தலைப்பில்
ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர்.
முழங்கால்வரை சுருட்டிய காக்கி.

நைலான் இழை வளையும்வரை அழுத்த வேண்டும்,
பாதத்துக்குப் பத்து இடம்.
பட்டா 'ம்' சொல்லுங்க.
பெருவிரலில் அழுத்தினேன்.
மின்விசிறிதான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

நர்சிங் இரண்டாம் ஆண்டில் இது எட்டு மதிப்பெண் கேள்வி.
தோலை வெட்டி வரைந்து வண்ணம் தீட்டினேன்:
மேலாக, மெல்லத் தொட்டால் விழிக்கிறது ஒன்று;
ஆழத்தில், வெங்காயம்போல் மடல்மடலாய்
அதிர்வுக்கு ஒன்று;
குளிர் அறிவது சூட்டை அறியாது;
வலிக்கோ உறை கிடையாது,
நரம்பின் நுனி அம்மணமாய் நிற்கும்.
ஆறரை போட்டார்கள்.
எது முதலில் போகும் என்று
கேட்கவில்லை.

போன மாதம் இரண்டு நாள்
செருப்போடு சேர்த்து ஆணியையும் போட்டு நடந்திருக்கிறார்.
சிமெண்டுத் தரையில் சிவப்பைப் பார்த்தது
தையல்நாயகி.
அவர் காலின் வேலையை
அவள் கண் செய்திருக்கிறது.
இதற்குப் படம் வரைய
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இசைக்கவையைத் தட்டிக் கணுக்காலில் வைத்தேன்.
"இரும்பு."
அதிருதா?
"இரும்புதான் இருக்கு."
முழங்காலுக்கு ஏற்றியதும் சிரித்துவிட்டார்.
"ஷட்டர்ல தண்ணி மோதுது!"
ராத்திரி முறையில், காதுக்கு எட்டும் முன்னே
திருகுக் கம்பியில் கை வைத்தால் தெரியுமாம்.
வெண்ணாறு முரட்டு நடுக்கம்,
கோரையாறு விட்டுவிட்டு,
பாமணியாறு காய்ச்சல்காரன் மாதிரி.

உடுத்திய சட்டையைத் தோல்
ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும் என்றேன்,
அது பழகிப்போவது, இது வேற.
சர்க்கரை வந்தால் நீள நரம்புதான் முதலில்...
"கடைமடை" என்றார் குறுக்கே.
"தலைப்புல எவ்வளவு தொறந்தாலும்
அங்க போய்ச் சேராது. அதானே?"

அதுதான்.
பாடப்புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம்.

தினமும் கண்ணாடி வச்சுப் பாதத்தைப் பாருங்க,
வெந்நீரைக் கையால தொட்டுப் பாருங்க,
இருட்டுல ஷட்டர் பாலத்துல
டார்ச் இல்லாம ஏறாதீங்க.
தலையாட்டினார்,
வாய்க்கால் தகராறுக்கு ஆட்டுவதுபோல.

வலது மூன்று. இடது இரண்டு.
அட்டையில் எழுதக் குனிந்தேன்.
இன்னும் கண்ணைத் திறக்கச் சொல்லவில்லை என்பது
மறந்தே போயிற்று.

"ம்" என்றார்.

இழை என் கையில்,
காற்றில்.