கட்டை

முதலில் ஓபோ.
எப்போதும் அப்படித்தான்.
டியோலிண்டா கன்னம் இறுக
அந்த ஒற்றைச் சுரத்தை நீட்டிப் பிடித்திருக்க,
வயலின்காரர்கள் காதைச் சாய்த்துப்
பிருடை முறுக்கினார்கள்.
நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
பியானோக்காரிக்குச் சுருதிக் கவலை இல்லை.
அதற்கென்று பெய்ராவிலிருந்து
வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் வருகிறார்,
கைப்பெட்டியோடு,
பல் பிடுங்க வருகிறவர் மாதிரி.

அப்புறம் காசிமிரு குவாம்பே
ரப்பர் முனைக் கோலால்
தன் டிம்பிலாவில் ஒரு கட்டையைத் தட்டினார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அந்தச் சுரத்தை என்னிடம் தேடினேன்.
இந்த வெள்ளைக் கட்டையில் இல்லை.
பக்கத்துக் கறுப்பிலும் இல்லை.
இரண்டுக்கும் நடுவே
விரல்நகம் நுழையாத சந்தில்
அது ஊரோடு குடியிருந்தது.

போதாததற்கு,
கட்டைகளுக்கு அடியில் வரிசையாய்த் தொங்கும்
பழவோடுகளின் துளையில்
தேன்மெழுகு வைத்து ஒட்டிய சவ்வு
ஒவ்வொரு தட்டலுக்கும்
புட்டிக்குள் அடைத்த வண்டாய் இரைந்தது.

"அந்த இரைச்சலை எடுத்துவிடலாமா?"
கேட்டவர் தோமாஷ், கையில் கோலுடன்,
லிஸ்பனில் படித்த மரியாதையுடன்.
"எடுக்கலாம்" என்றார் குவாம்பே.
"அப்புறம் இது மேசை."

ஜனவரி. ரயில்வே தொழிலாளர் மன்றக் கூடம்.
விசிறி ஆறில் இரண்டுதான் சுற்றுகிறது.
கட்டையைக் கொஞ்சம் சீவினால்
சுருதி ஏறும் அல்லவா என்று
இதமாகவே கேட்டார் தோமாஷ்.
குவாம்பே பதில் சொல்லாமல்
கட்டையின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.
ம்வென்ஜே மரம்.
ஸவாலாவிலிருந்து சாப்பா வண்டியில்
ஆறு மணி நேரம்
ஆட்டுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவே
மடியில் வைத்துக் கொண்டுவந்தது.
"சீவியதை எங்கே போய் ஒட்டுவது?"

டியோலிண்டா எழுந்தாள்.
பையிலிருந்து கத்தியை எடுத்தாள்.
ஒரு கணம் எல்லோருக்கும் பயம்தான்.
அவள் சீவியது தன் ஊதுநாணலை.
"வாரத்துக்கு ஒன்று வீணாகிறது,
இது இதற்காக வீணாகட்டும்."
சீவினாள், ஊதினாள்,
கொஞ்சம் வெளியே இழுத்துச் செருகி
மறுபடி ஊதினாள்.
குவாம்பே தட்டினார்.
இன்னும் கீழே என்று கண்ணால் சொன்னார்.
ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ
இரண்டு ஒலிக்கும் இடையே இருந்த நடுக்கம்
தேய்ந்து
நின்றது.

வயலின்கள் இறங்கின, முணுமுணுத்தபடி.
செல்லோ இறங்கியது.
கொம்புக்காரர்கள் குழாயை இழுத்தார்கள்.
பிறகு எல்லோரும்
என்னைப் பார்த்தார்கள்.

இருநூற்றுச் சொச்சம் கம்பிகள்,
இரும்புச் சட்டம்,
எண்பத்தெட்டுக் கட்டைகளில்
ஒன்றுக்குக்கூட இறங்கிவரத் தெரியாது.
நான்கு பேர் சேர்ந்து தள்ளினார்கள்.
ஒரு சக்கரம் கிறீச்சிட்டதும் சுருதி தவறியே.

கச்சேரி இரவில்
பியானோ நடைவழியில் நின்றது,
கழிப்பறைக்கும் நுழைவுச்சீட்டு மேசைக்கும் நடுவில்.
காவலர் நெல்சினு அதன் மூடிமேல்
தேநீர்க் கோப்பையை வைத்தார்.
நான் கண்டுகொள்ளவில்லை.
நல்ல உடுப்பு போட்டு வந்திருந்தேன், எதற்கென்று தெரியவில்லை.
பழக்கம் உட்காரவைத்தது.

கதவுக்கு அப்பால் தொடங்கியது.
டிம்பிலா பத்தும் ஒரே நேரத்தில்,
அதன்மேல் வயலின்கள்,
ஒன்று எங்கே விழுகிறது என்று
எண்ணிப் பார்த்தேன்.
எண்ணும் இடத்தில் அது விழவில்லை,
விட்ட இடத்தில் விழுந்தது.
பொறாமை என்று சொன்னால்
அது பாதி உண்மை.

விரலை மடியில் வைத்துக்கொண்டு
காலால் மட்டும் மிதிகட்டையை அழுத்தினேன்.
உள்ளே கம்பிகள் எல்லாம்
பிடி விட்டு நின்றன.
சுவர் வழியே வந்த ஒலி
அவற்றில் சிலவற்றைத் தொட்டது,
சிலவற்றைத் தாண்டிப்போனது.
யாரும் வாசிக்காத ஒரு முனகல்
மரத்துக்குள் பரவியது.

மூடிமேல் கோப்பை
தன் தட்டோடு சேர்ந்து
அதிர்ந்து இரையத் தொடங்கியது,
புட்டிக்குள் வண்டு மாதிரி.

"மன்னிக்கணும்" என்று
நெல்சினு அதை எடுக்கக் கை நீட்டினார்.

இருக்கட்டும் என்றேன்.