விழுங்கும் ஓசை

இரண்டு வருடம் அவள் குறட்டைதான்
எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம்.
ஆறு வயசுப் பிள்ளைக்குப்
பழைய லாரி இஞ்சின் மாதிரி மூச்சு.
நடுவில் நின்றுபோகும்.
நான் எண்ணுவேன். எட்டு. ஒன்பது.
பதினொன்றில் உதறிக்கொண்டு கிளம்பும்.
செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறவன் நான்.
வீட்டுக்கு வந்தும் அதே வேலை.

தெலுக் இந்தானில் டாக்டர் ஹஸ்லினா
படம் வரைந்து காட்டினார்:
உள்நாக்குக்கு இரு பக்கமும் சதை,
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு.
கையெழுத்துப் போடும் இடத்தில்
பேனா எழுதவில்லை.
மிஸ்ஸி வேறு பேனா தந்தார்.

பீடோர் வந்து சேரும்வரை
பின் சீட்டில் ஒரு வார்த்தை இல்லை.
மிஸ்ஸி கொடுத்த தாளை மாலினி
பிரிட்ஜில் ஒட்டினாள்.
மணிக்கொரு தடவை தண்ணீர்.
காது வலிக்கும், காதில் ஒன்றும் இருக்காது.
தொண்டையில் வெள்ளை படியும், அது சீழ் இல்லை.
வாய் நாறும்.
முறுக்கு கூடாது. சிவப்பாக எதுவும் கூடாது
(ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை).
தூக்கத்தில் ஓயாமல் விழுங்கினால்
ரத்தமாக இருக்கலாம், உடனே வரவும்.
அதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

மூன்றாம் நாள் தண்ணீரே வேண்டாம் என்றாள்.
ஒரு மடக்குக்கு ஒரு ஸ்டிக்கர் என்று பேரம்.
அலமாரிக் கதவெல்லாம் பட்டாம்பூச்சி.

குறட்டை இல்லை.
அதுதான் எங்களைத் தூங்கவிடவில்லை.
மூக்கருகே புறங்கை கொண்டுபோவேன்,
மாலினியின் கை ஏற்கெனவே அங்கே இருக்கும்.

ஏழாம் நாள், இரவு இரண்டு மணி.
க்ளக்.
மறுபடி, க்ளக்.
நாலு, ஐந்து.
மாலினி கையில் கார்ச் சாவி வந்துவிட்டது.
"லோஷினி, வாயைத் திற."
டார்ச் வெளிச்சத்தில் நாக்கு சிவப்பு,
பல் சிவப்பு, உதட்டோரம் சிவப்பு.

பிறகுதான் ரோஜா வாசம்.

தலையணைக்கடியில் பாதி கரைந்த சிராப் ஐஸ்.
பக்கத்து வீட்டு யுகேந்திரனிடம்
முப்பது காசுக்கு வாங்கி
கெம்போங் மீனுக்குப் பின்னால்
மூன்று நாளாக ஒளித்திருந்தாளாம்.

திட்டத்தான் வாயெடுத்தேன்.
"அப்பா, லைட்டு கண்ணுல படுது."
மூக்கில் சிக்காத, மெலிசான குரல்.
யார் வீட்டுப் பிள்ளையோ என்று
ஒரு நொடி திகைத்தேன்.

தண்ணீர் குடிக்கவைத்து மறுபடி பார்த்தோம்.
வெள்ளை, இரு பக்கமும்.
அவள் தூங்கிப்போனாள்.
மிச்ச ஐஸை நானும் மாலினியும்
அடுப்படியில் நின்றபடி
மாற்றி மாற்றி உறிஞ்சினோம்.
சாவி இன்னும் அவள் விரலில்.