நாற்பத்தேழாம் எண் மனை

சனிக்கிழமை பதினொரு மணிக்கு
காரைக்குடி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜூஸ் கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகளில்
நாங்கள் நாலு பேர் கூடுவோம்.
சங்கம் என்று பெயர் வைக்கவில்லை.
வைத்தால் சந்தா கேட்பார்கள் என்றார் நாச்சியப்பன்.

என்னிடம் பதினெட்டு லட்சம் இருந்தது.
கூட்டுறவு வங்கியில் முப்பத்தோரு வருஷம்
அடுத்தவர் பணத்தை எண்ணியதற்குக் கிடைத்த கூலி.
பைபாஸ் ஓரம், நாற்பத்தேழாம் எண்,
ஐந்தே முக்கால் சென்ட், கிழக்குப் பார்த்தது.
நோட்டீசில் ஒரு நீச்சல் குளம்,
அதில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை.

"ரோடு வருமான்னு பாக்காதீங்க,
வந்த ரோட்டுல யாரு நிக்கிறான்னு பாருங்க."
நாச்சியப்பனுக்குப் பள்ளத்தூர் வீட்டில்
எண்பத்திரண்டில் ஒரு பங்கு.
ஒரு ஜன்னல் கம்பிகூடத் தனியாக அவருடையதில்லை.
காலி மனை என்றால் குரல் குழைந்துவிடும்.

சிராஜுதீன் வாடகைக் கட்சி.
"மனை சோறு போடாது மேடம்.
ஷட்டர் போடுங்க. ஒண்ணாந்தேதி
ஷட்டர் உங்களுக்கு சலாம் வைக்கும்."
அவருடைய மூன்றில் இரண்டு
கொரோனாவில் இறங்கியவை, இன்னும் ஏறவில்லை.
அதை நாங்கள் யாரும் எடுப்பதில்லை.

உமையாள் தாய்ப்பத்திரத்தை முகர்ந்தே பார்ப்பாள்.
"பவர் குடுத்தவர் உயிரோட இருக்காரா?
பேசினீங்களா? வீடியோ காலா, வெறும் காலா?"

வில்லங்கம் போட்டிருந்தேன். முப்பது வருஷம் சுத்தம்.
பட்டா, அப்ரூவல், எல்லாம்
துவைத்துக் காயப்போட்ட மாதிரி.
மூவரும் ஒரே குரலில் பேசியது அன்று மட்டும்தான்:
வேண்டாம். விலை அதிகம்.

பக்கத்து மேசையில் சர்வேயர் ஆரோக்கியசாமி
சாத்துக்குடி ஜூஸில் உப்பைக் கலக்கிக்கொண்டே
"எந்த மாசம் பாத்தீங்க?" என்றார்.
சித்திரை.
"ஐப்பசியில பாருங்க."
பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஐப்பசி இரண்டாம் வாரம், இரவெல்லாம் மழை.
விடிந்ததும் போய் ஸ்கூட்டியை மேட்டில் நிறுத்தினேன்.
செம்மண் கரைந்து டீ நிறத்தில் ஓடியது தண்ணீர்,
கண்மாய்க்குப் போகிற அவசரத்தில்
முப்பதடி ரோடு எது, மனை எது என்று பாராமல்.
நாற்பத்தேழின் கல்லில் தலை மட்டும் தெரிந்தது.
அதன்மேல் ஒரு தவளை,
அட்வான்ஸ் கொடுத்துவிட்ட தெம்பில்.

அப்போதுதான் பார்த்தேன்.
நாற்பத்தெட்டில் ஒரு குடை, நாச்சியப்பன்.
'பூங்கா' போர்டுக்குக் கீழே
பேண்டை முழங்கால்வரை மடித்த சிராஜுதீன்.
காருக்குள், கண்ணாடியை இறக்காமல், உமையாள்.
யாரும் யாரையும் அழைத்து வரவில்லை.

"சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்" என்றார் நாச்சியப்பன்.
நனைந்த சட்டைப்பைக்குள்
டோக்கன் ரசீதின் ஊதா மை
பரவிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றியே பேசினோம்.
பிறகு அவர் குடையை மடக்கி
அதன் முனையால் ஆழம் பார்த்தார்.
"ஒன்றரை அடி. நாலு டிப்பர் மண்ணு அடிச்சா..."
"ஆறு" என்றார் சிராஜுதீன்.
கண்ணாடி இரண்டு விரல் இறங்கியது.
"இப்ப கேட்டா சென்ட்டுக்கு நாப்பதாயிரம் குறைப்பான்."

எங்கள் கால்களுக்கு நடுவே தண்ணீர்,
எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாத
பங்காளி மாதிரி,
யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.
ஆறு போதுமா, எட்டு வேண்டுமா என்று
நானும் உள்ளுக்குள்
டிப்பர் எண்ணிக்கொண்டிருந்தேன்.