பதினொன்றாம் விதியில் ஒரு ‘லாம்’

குத்தாயிசி, டிசம்பர். ஹீட்டர் மூன்றாம் முறை அணைந்தது.
ஐந்து அரசு வழக்கறிஞர்கள், ஆறு வரைவுகள்.
ஒரு போத்தல் ஒயின் பரிசா உபசாரமா என்பதிலேயே
மதியம் ஆகிவிட்டது.
பரிசுதான் என்று முடிவெடுத்தோம்,
தைமுராஸ் மட்டும் பெருமூச்சுவிட்டார்.

பிறகு பதினொன்று:
‘குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தை
வெளிப்படுத்தலாம்.’
இருக்கட்டுமே அந்த ‘லாம்’, என்றார் அவர்,
மனசாட்சிக்குக் கொஞ்சம் இடம் வேண்டாமா?

அந்த இடத்தின் அளவு எனக்குத் தெரியும்.
என் மேசையின் இரண்டாம் இழுப்பறை.
உள்ளே ஒரு பஸ் டிக்கெட்,
சுக்திதி, இரவு ஒன்பது நாற்பது.
நகைக்கடைப் பூட்டு உடைந்தபோது
ஒத்தார் என்ற வெல்டர் ஊரிலேயே இல்லை
என்று சொல்லும் டிக்கெட்.
யாரும் கேட்கவில்லை.
விதியும் கேட்கவில்லை.
நாலு வருஷம், இரண்டு மாதம்.
அவர் வெளியே வந்த அன்று
நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

‘லாம்’ மேல் கோடு இழுத்து
‘வேண்டும்’ என்று எழுதினேன்.
உதாரணம் ஏதும் உண்டா, என்றார் தைமுராஸ்,
கோட்டுப் பொத்தானைப் போட்டபடி.

வழக்கு எண்ணைச் சொன்னேன்.
வழக்கு நடத்தியவர் பெயரையும்.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நெஸ்தான்
பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
என்னைப் பார்த்தாள்:
இதை எழுதலாமா?